சாப்பிட்டாச்சு சரி... தூங்கியாச்சா?

இரவு பத்து மணிக்குத் தமிழ்நாட்டில் மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. எழும்பூரிலிருந்து தெற்கே போகும் ரயில்களில் விளக்குகள் அணைகின்றன. டாஸ்மாக் கடைகளின் ஷட்டர்கள் இறங்குகின்றன. 'நைட்ல போனா டிராஃபிக் இருக்காது' என்று கிளம்பிய குடும்பங்களின் கார்கள் பெருங்களத்தூரைத் தாண்டுகின்றன.

ரயில், பார், நெடுஞ்சாலை. மூன்றும் தனித்தனி உலகம். ஆனால், பத்து மணிக்கு மேல் மூன்றிலும் புழங்குவது ஒரே சரக்குதான். அது தூக்கம். ரயிலில் அதை டிக்கெட் எடுத்து வாங்குகிறார்கள். பாரில் பாட்டிலுக்குள் தேடுகிறார்கள். சாலையில், வந்தால் விரட்டுகிறார்கள்.

மிடில் பெர்த் பஞ்சாயத்து

தெற்கே போகும் எந்த இரவு ரயிலிலும், செங்கல்பட்டு தாண்டும் நேரத்தில் ஒரு சின்னப் பஞ்சாயத்து நடந்தே தீரும். கீழ் பெர்த்காரர் அப்போதுதான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்திருப்பார். மிடில் பெர்த்காரர் சங்கிலியைக் கையில் பிடித்தபடி நிற்பார். "அஞ்சு நிமிஷம் சார்" என்பார் ஒருவர். "காலைல இறங்கி நேரா ஆபீஸ் போகணும் சார்" என்பார் இன்னொருவர்.

இதற்கு ரயில்வேயே ஒரு தீர்ப்பை எழுதி வைத்திருக்கிறது. இரவு 10 முதல் காலை 6 வரை தூங்கும் நேரம். அந்த நேரத்தில் மிடில் பெர்த்தைப் போட்டுக்கொள்ளலாம். மற்ற நேரத்தில் மடக்கிவிட்டு உட்கார இடம் தர வேண்டும். பத்து மணிக்கு மேல் சத்தமாகப் பேசக் கூடாது. ஹெட்போன் இல்லாமல் செல்போனில் பாட்டு கேட்கக் கூடாது. தூக்கத்துக்காக இவ்வளவு விதிகள் எழுதிவைத்த இடம் வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

விதிக்கு அப்பாலும் சில நல்ல விஷயங்கள் நடக்கும். மேல் பெர்த் கிடைத்த பாட்டியைப் பார்த்ததும், "அம்மா, நீங்க கீழ படுங்க, நான் ஏறிக்கறேன்" என்று ஓர் இளைஞர் எழுந்துகொள்வார். விருத்தாசலத்தில் இறங்க வேண்டியவருக்கு, நள்ளிரவு தாண்டித்தான் அந்த ஊர் வரும் என்பதால் படுத்தாலும் தூக்கம் வராது. போனில் மூன்று அலாரம் வைத்திருப்பார். 139-ல் சொல்லி வைத்தால் ஊர் வருவதற்கு முன் போன் அடித்து எழுப்பும் வசதியும் இருக்கிறது. இருந்தாலும் எதிர் பெர்த்காரரிடம், "விருத்தாசலம் வந்தா கொஞ்சம் எழுப்பி விடுங்க சார்" என்று சொன்ன பிறகுதான் அவருக்கு நிம்மதி. முன்பின் தெரியாத ஒருவரை நம்பித் தூக்கத்தை ஒப்படைக்கும் இடம் ரயில் பெட்டி.

அதே ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியும் இருக்கிறது. அங்கே பத்து மணி விதிக்கு வேலையே இல்லை. மேலே சாமான் வைக்கும் பலகையில் ஒருவர் சுருண்டு கிடப்பார். இரண்டு கம்பிகளுக்கு நடுவே வேட்டியைத் தூளியாகக் கட்டி, அதில் குழந்தை தூங்கும். கழிப்பறைக்குப் பக்கத்தில் செய்தித்தாளை விரித்து நான்கு பேர் உட்கார்ந்தபடியே சாய்ந்திருப்பார்கள். ஒரே எஞ்சின், ஒரே தண்டவாளம், போய்ச் சேரும் நேரமும் ஒன்றுதான். ஆனால், கிடைக்கும் தூக்கம் மட்டும் கொடுத்த காசுக்குத் தகுந்தபடி.

எஞ்சினில் ஒரு மணி

பெட்டியில் ஆயிரம் பேர் தூங்க வேண்டுமென்றால், எஞ்சினில் இரண்டு பேர் விழித்திருக்க வேண்டும். லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும். ஒவ்வொரு சிக்னல் வரும்போதும் அது என்ன நிறம் என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். கண் பார்த்தால் மட்டும் போதாது, வாயும் சொல்ல வேண்டும், காதும் கேட்க வேண்டும் என்பதுதான் இதன் கணக்கு.

அதற்கும் மேல் ஒரு காவல் இருக்கிறது. எஞ்சினில் 'விஜிலன்ஸ் கன்ட்ரோல் டிவைஸ்' என்று ஒரு கருவி. ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓட்டுநர் எதையும் இயக்காமல் இருந்தால் முதலில் ஒரு விளக்கு கண்ணைச் சிமிட்டும். பிறகு பஸ்ஸர் அடிக்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் பிரேக் தானாகவே பிடித்துவிடும். பெட்டியில் தூங்குகிறவருக்கு இப்படி ஒரு மணி இரவெல்லாம் அடித்துக்கொண்டிருப்பது தெரியவே தெரியாது.

மழைக்காலத்தில் இன்னொருவரும் விழித்திருக்கிறார். தண்டவாளத்தை ஒட்டிக் கையில் விளக்கோடு நடந்துபோகும் பேட்ரோல்மேன். ஜல்லிக்குக் கீழே மண் அரித்திருந்தாலோ, மரம் விழுந்திருந்தாலோ, வருகிற ரயிலை நிறுத்துவது அவர் பொறுப்பு. தண்டவாளத்தின் மேல் அவர் டெட்டனேட்டர் வைப்பார். சக்கரம் அதில் ஏறியதும் பெரிய சத்தம் கேட்கும், ஓட்டுநர் ரயிலை நிறுத்துவார். ஏ.சி. பெட்டியில் போர்வைக்குள் இருப்பவருக்கு ஜன்னலுக்கு வெளியே அந்த விளக்கு ஒரு நொடிகூடத் தெரியாது.

ரயில்வேயில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றில்லை. தொடர்ந்து இரவுப் பணி போடாதீர்கள், வார ஓய்வை முழுதாகக் கொடுங்கள் என்று ஓட்டுநர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். ஆனால், ஒரு விஷயத்தை ரயில்வே என்றைக்கோ ஒப்புக்கொண்டுவிட்டது. எவ்வளவு பொறுப்பான மனிதராக இருந்தாலும் இரவில் அவருக்குத் தூக்கம் வரும். 'ஜாக்கிரதையாக இரு' என்ற புத்திமதி அதைத் தடுக்காது. அதனால்தான் இரண்டு பேர், பஸ்ஸர், தானாகப் பிடிக்கும் பிரேக் எல்லாம்.

கட்டிங் தூக்கம்

பாரில் ஒன்பதரை மணிக்கு ஒரு பரபரப்பு வரும். கடை மூட இன்னும் அரை மணி நேரம்தான். "அண்ணே, டைம் ஆச்சு, சீக்கிரம்" என்று பார் பையன் மேஜை மேஜையாகச் சொல்லிக்கொண்டு போவார். மதியம் 12 மணிக்குக் கடை திறந்ததிலிருந்து நின்றுகொண்டிருப்பவர் அவர். ஆம்லெட், சுண்டல், வெட்டிய மாங்காய் என்று ஓடிக்கொண்டே இருந்திருப்பார். கடை மூடிய பிறகும் அவருக்கு வேலை இருக்கிறது. மேஜை துடைக்க வேண்டும், பாட்டில்களைப் பொறுக்க வேண்டும். முடித்துவிட்டு வெளியே வந்தால் கடைசி பஸ் போயிருக்கும்.

மூலையில் தனியாக உட்கார்ந்திருப்பவர் பகல் முழுக்க மூட்டை தூக்கியவராக இருப்பார். "சந்தோஷத்துக்கா குடிக்கிறோம்? உடம்பு வலிக்குது. ஒரு கட்டிங் போட்டாத்தான் தூக்கம் வரும்" என்பது பாரில் அடிக்கடி காதில் விழும் நியாயம். அதில் பாதி உண்மை. மது சீக்கிரம் தூங்க வைக்கும். ஆனால், உடம்பு அதைச் செரித்து முடிக்கும் பின்னிரவில் தூக்கம் உடைய ஆரம்பிக்கும். குறட்டை கூடும். தாகம் எடுக்கும். விடியும் முன்பே விழிப்பு வரும். விழித்த பிறகும் களைப்பு போயிருக்காது. மறுநாள் மாலை அந்தக் களைப்புக்கு மருந்தாக மறுபடி அதே மேஜை. காசு கொடுத்து அவர் வாங்கியது கலப்படத் தூக்கம்.

அதற்கான விலையை அவர் மட்டும் கொடுப்பதில்லை. வீட்டில் கேட் சத்தம் கேட்கும்வரை மனைவிக்குக் கண் மூடாது. வண்டியில் வருகிறாரா, நடந்து வருகிறாரா, யாராவது கொண்டுவந்து விடுகிறார்களா என்று காது தெருவிலேயே இருக்கும். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பாள். ஆனால், அரை மணி நேரமாக ஒரே பக்கத்தில் இருப்பாள். ஒருவர் தூக்கத்துக்காகக் குடிக்கிறார். அதனால் ஒரு வீடே தூங்காமல் கிடக்கிறது.

பாரிலிருந்து கிளம்பும் பைக்குகளுக்காக மெயின் ரோட்டில் போலீஸ் காத்திருக்கும். "ஊதுங்க" என்று கருவியை நீட்டுவார்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வழக்கு. முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. குடித்துவிட்டு ஓட்டுவது தப்பு என்பது இன்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ஊதினாலும் தெரியாத போதை

அதே செக்போஸ்ட்டில், அதே பத்து மணிக்கு, ஒரு குடும்பத்தின் காரும் நிற்கும். ஓட்டுகிறவர் வாழ்க்கையில் மதுவைத் தொட்டதில்லை. கருவியில் பூஜ்யம் காட்டும். "போங்க சார், பார்த்துப் போங்க" என்று போலீஸ்காரர் சல்யூட் வைக்காத குறையாக அனுப்பிவைப்பார்.

அந்த மனிதர் காலை ஐந்து மணிக்கு எழுந்தவர். தண்ணீர் பிடித்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, நாள் முழுக்க அலுவலகத்தில் இருந்து, திரும்பி வந்து, பெட்டி கட்டி, அப்படியே ஸ்டியரிங்கைப் பிடித்தவர். காலை ஐந்திலிருந்து இரவு பத்து வரை எண்ணினால் 17 மணி நேரம்.

1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இருவர் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவிகிதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகின்றன என்பது அதன் முடிவு. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 சதவிகிதம் குடித்தவரின் நிலை. இந்தியச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03. அதாவது, ஒரு சொட்டும் குடிக்காத அந்தக் குடும்பத்தலைவர், வண்டியை எடுக்கும்போதே சட்டத்தின் வரம்பைத் தாண்டிய நிலையில்தான் இருக்கிறார். அதைக் காட்ட ஊதும் கருவி இல்லை.

அதோடு முடியவில்லை. இரவு இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில்தான் மனித உடம்பின் விழிப்பு மிகக் கீழே இறங்குகிறது. பத்து மணிக்குக் கிளம்பிய கார், உளுந்தூர்பேட்டை தாண்டி, பெரம்பலூர், திருச்சி என்று போகும் நேரமும் அதுதான்.

முதலில் பின்சீட்டில் குழந்தைகள் தூங்குவார்கள். பிறகு மாமியார். திண்டிவனம்வரை பேச்சுத்துணை கொடுத்த மனைவியும் முன்சீட்டில் தலை சாய்ப்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவரும் ஐந்து மணிக்கு எழுந்தவர்தான். காருக்குள் ஐந்து பேர் இருந்தாலும் ஓட்டுகிறவர் இப்போது தனி ஆள். ஏ.சி.யின் குளிர், சீராக ஓடும் எஞ்சின் சத்தம், ஒரே மாதிரி வந்து போகும் வெள்ளைக் கோடுகள்... தாலாட்டுக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருக்கின்றன.

ஜன்னலை இறக்குவார். பாட்டைச் சத்தமாக வைப்பார். பாட்டில் தண்ணீரை முகத்தில் அடிப்பார். இவை எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். மூளை தூங்க வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால், கண் திறந்திருக்கும்போதே சில நொடிகள் தூங்கிவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. நான்கு நொடி என்றால் ஏறத்தாழ 90 மீட்டர். அந்தத் தூரத்துக்குள் ஓரமாக நிற்கும் ஒரு லாரி இருந்தால் போதும்.

நெடுஞ்சாலை டீக்கடைகளில் இரவு ஒரு மணிக்கு நிற்கும் லாரிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். "கண்ணு மூடுறது நமக்குத் தெரியாதுண்ணே, தெரிஞ்சா மூட விடுவோமா?" என்று டீ கிளாஸைக் கழுவி வைத்தபடி சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். அனுபவம் உள்ளவர்கள் லாரியை ஓரங்கட்டி, கேபினில் அரை மணி நேரமாவது படுத்துவிடுவார்கள். சில இடங்களில் போலீஸே விடியற்காலையில் வண்டிகளை நிறுத்தி, ஓட்டுநர்களை முகம் கழுவச் சொல்லி, டீ கொடுத்து அனுப்பியிருக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. அந்த அறிக்கையின் விதிமீறல் பட்டியலில் அதிவேகம், குடிபோதை, தவறான பக்கம் ஓட்டுவது, செல்போன், சிக்னல் மீறல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கிறது. தூக்கத்துக்குத் தனி வரி இல்லை. 'கட்டுப்பாட்டை இழந்த கார்' என்று செய்தி வரும். எதனால் இழந்தது என்று சொல்ல வேண்டியவர் பல நேரம் உயிரோடு இருப்பதில்லை.

டிரைவர் தம்பி எங்கே படுப்பார்?

சொந்தக் கார் வேண்டாம் என்று வேன் பிடித்துப் போகும் குடும்பங்களும் உண்டு. திருச்செந்தூர், ராமேஸ்வரம், குலதெய்வம் கோயில், கல்யாணம். வேனில் ஏறியதும் டிரைவரிடம் முதலில் கேட்கும் கேள்வி, "தம்பி, சாப்டீங்களா?" தமிழ்நாட்டில் யாரும் யாரையும் கேட்காமல் விடாத கேள்வி அது. வழியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தால் முதல் பங்கு டிரைவருக்கு. அந்தப் பாசத்தில் குறையே சொல்ல முடியாது.

ஆனால், "தம்பி, தூங்கினீங்களா?" என்று கேட்பவர்கள் அபூர்வம். முந்தின நாள் இரவு அவர் வேறொரு குடும்பத்தை ஊட்டியிலிருந்து கொண்டுவந்து விட்டிருக்கலாம். காலையில் வண்டியைக் கழுவி, மதியம் ஏர்போர்ட் டிரிப் அடித்துவிட்டு, இரவு இந்த வேனை எடுத்திருக்கலாம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்துக்குக் கோடு போட்டது. வேனும் காருமாக மாற்றி மாற்றி ஓட்டி, டிரிப்புக்கு இவ்வளவு என்று சம்பாதிப்பவர் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் மாதத் தவணை கட்ட முடியாது. கேட்டால்தான் சொல்வார். கேட்காவிட்டால், "அதெல்லாம் பழக்கம்தான் சார்" என்று சிரித்துவிட்டுக் கியரைப் போடுவார்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் குடும்பம் லாட்ஜில் ரூம் போடும். குளித்து, ஒரு மணி நேரம் படுத்து எழும். "டிரைவர் வண்டியிலேயே படுத்துக்குவாரு." வெயிலில் நிற்கும் வண்டி, கொசு, பக்கத்தில் ஹாரன் சத்தம். அந்தத் தூக்கத்தை நம்பித்தான் அன்று இரவே திரும்பும் பயணம்.

2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஹோட்டல்களும் லாட்ஜுகளும், தங்க வரும் விருந்தினர்களின் ஓட்டுநர்கள் படுத்து ஓய்வெடுக்க டார்மிட்டரி வசதி செய்ய வேண்டும். வளாகத்துக்குள் இடமில்லை என்றால் 250 மீட்டருக்குள் இருக்க வேண்டும். குளியலறை, கழிப்பறையும் வேண்டும். இப்படி ஒரு விதி இருப்பது ரூம் போடும் பலருக்குத் தெரியாது. ரிசப்ஷனில் வைஃபை பாஸ்வேர்டு கேட்கும்போது, "டிரைவர் எங்க படுக்கலாம்?" என்றும் கேட்டால் போதும். நான்கு பேர் கேட்டால் ஐந்தாவது ஆள் வரும்போது கட்டில் தயாராக இருக்கும்.

முன்சீட்டுக்காரரின் வேலை

ரயில் எஞ்சினில் மணி அடிக்கக் கருவி இருக்கிறது. காரில் அந்த மணி, முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவர்தான். ஓட்டுபவர் அடிக்கடி கொட்டாவி விடுகிறாரா, கண்ணைத் தேய்க்கிறாரா, வண்டி கோட்டின் மேல் ஏறி இறங்குகிறதா, கேட்ட கேள்விக்கு இரண்டு நொடி தாமதமாகப் பதில் வருகிறதா? இதில் ஒன்று தெரிந்தாலும், "நிறுத்துங்க" என்று சொல்ல வேண்டும். "இன்னும் அரை மணி நேரம்தான், போயிடலாம்" என்ற பதிலை மட்டும் ஏற்றுக்கொள்ளக் கூடாது. தூக்கம் வந்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் அது.

வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்கிலோ, டோல் பிளாசா பக்கமோ நிறுத்தலாம். ஒரு காபி குடித்துவிட்டு உடனே பதினைந்து, இருபது நிமிடம் படுப்பது நல்ல பலன் தரும். காபி வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும் என்பதால், எழும்போது இரண்டும் சேர்ந்து கை கொடுக்கும். ஓட்டத் தெரிந்த இன்னொருவர் இருந்தால், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்சீட்டில் உண்மையாகவே தூங்க வேண்டும். அதையும் தாண்டி இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. பத்து மணிக்கு வண்டியை எடுக்காமல், பத்து மணிக்குப் படுத்து, வெளிச்சம் வரும் நேரத்தில் கிளம்புவது. ஊர் போய்ச் சேர மதியமாகிவிடும். டிராஃபிக் இருக்கும், வெயில் இருக்கும், காலை அபிஷேகம் தவறிப்போகும்.

போகட்டும். குலசாமி எங்கேயும் போய்விடாது. மத்தியான தீபாராதனைக்கும் அது அங்கேதான் இருக்கும்.